பழைய அளவு

"துணியை அடிச்சுட்டான் ஜானகி! பட்டனே போட முடியல, பாரு!"

புது பேண்ட்டைப் பாதி மாட்டியபடி கூடத்தில் குதித்தார் வெங்கடரமணன்.

"பீர் முஹம்மது பாயா? பத்து வருஷமா நமக்குத் தைக்கறார். துண்டுத் துணியைக்கூடத் திருப்பிக் குடுத்துடுவாரே!"

"பத்து வருஷமா அடிச்சிருப்பான். இன்னிக்குத்தான் மாட்டிண்டான்."

விடுவிடுவென்று கச்சேரி ரோடு தையல் கடைக்குப் போனார். கடையில் மூன்று பேர் இருந்தார்கள். அதுவும் வசதியாகப் போயிற்று.

"பாய், மீதித் துணி எங்கே?"

தொடையும் இடுப்புமாகப் பருத்த உடம்பைத் தூக்கிக்கொண்டு பாய் எழுந்து வந்தார். டேப்பால் வெங்கடரமணன் வயிற்றைச் சுற்றி அளந்தார்.

"பழைய அளவுக்கே தையின்னு நீங்கதான் சொன்னீங்க சார். அது முப்பத்திரெண்டு. இப்போ முப்பத்தாறு கீது. காலு வேற இளைச்சுக்கினே வருது. ஒரு தபா டாக்டராண்ட காட்டுங்க சார்."

"எனக்கு டாக்டரா? முதல்ல உம்ம உடம்பைப் பாரும்! கேட்டதுக்குப் பதில் சொல்லும், துணியைத் திருடினீரா இல்லையா?"

"நான் எடுக்கல சார்."

பாய் திரும்பிப் போய்த் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தார். தைக்கக் கொடுக்க வந்திருந்த ஒருவர், துணிப் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நைசாக நழுவினார்.

வெங்கடரமணனுக்குச் சந்தேகம் இன்னும் கெட்டியானது. "திருட்டை மறைக்க வைத்தியம் சொல்றான்! டேப்பைக்கூட லூசாப் பிடிச்சிருப்பான்."

சைதாப்பேட்டை ஸ்டேஷன் எடை மெஷினில் காசு போட்டு ஏறி நின்றார். அறுபத்தொரு கிலோ. கல்யாணத்தின்போதும் அதே அறுபத்தொன்றுதான். எடைச் சீட்டோடு நேரே அபிராமபுரம் டாக்டர் ராமானுஜத்திடம் போனார்.

"வயிறு பெருக்கலைன்னு எழுதிக் குடுங்கோ டாக்டர். அந்தத் திருடன் மூஞ்சில விட்டெறியணும்."

டாக்டர் எழுதித் தரவில்லை. பிரஷர் பார்த்தார், ரத்தம் எடுக்கச் சொன்னார். ரிப்போர்ட் வந்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

"எடை அதேதான். ஆனா கை கால்ல சதை கரைஞ்சு, வயித்துக்குள்ள கொழுப்பு ஏறியிருக்கு. தொடையில, தோலுக்கு அடியில இருக்கற கொழுப்பு அவ்வளவா தொந்தரவு பண்ணாது. குடலைச் சுத்திச் சேர்றதுதான் ரத்தக்குழாயைக் கெடுக்கும். உமக்கு பிரஷர் நூத்தி எழுபது. நல்ல வேளை, இப்பவாவது வந்தீர். யார் அனுப்பினா?"

வெங்கடரமணன் எடைச் சீட்டைச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டார்.

மறுநாள் ஜானகிதான் அவரையும் பேண்ட்டையும் கடைக்கு இழுத்துக்கொண்டு போனாள். விஷயத்தைக் கேட்டதும் பாய் பேண்ட்டின் பின்தையலைப் பிரித்தார்.

உள்ளே இரண்டு பக்கமும் இரண்டிரண்டு இஞ்ச் துணி மடித்துத் தைத்திருந்தது.

வெங்கடரமணன் அந்த மடிப்பைத் தொட்டுப் பார்த்தார். "இதை அன்னிக்கே எல்லார் முன்னாலயும் பிரிச்சுக் காட்டியிருக்கலாமே பாய்! திருடன்னு பேர் வாங்கிண்டு, எதுக்கு இப்படி..."

பாய் ஊசியில் நூல் கோத்தபடியே சொன்னார்.

"பிரிச்சு வுட்டிருந்தா, மாட்டிக்கினு போயிருப்பீங்க சார். போன வருஷம் மாரடைப்புல போனானே என் தம்பி, அவனும் உங்களாட்டம் ஒல்லிதான். அவன் பேண்ட்டை மூணு தபா பிரிச்சு வுட்டது நான்தான்."