முதலாளி லாகினில் ஓர் ஓட்டை

"லீவா? லீவு கீவுன்னு இன்னொரு தடவை இந்த ரூமுக்குள்ள வந்தே, வேலையே கிடையாது!"

முதலாளி போட்ட சத்தத்துல கண்ணாடிக் கதவே அதிர்ந்துச்சு. வெளியே வந்த நொட்டைக்குக் கண்ணு கலங்கிடுச்சு.

நொட்டைங்கிறது ஆபீஸ்ல வெச்ச பட்டப்பேரு. கம்பெனி தயாரிக்கிற, ஆபீஸ்லயும் ஓடுற லாகின் சாஃப்ட்வேர்ல எங்கெங்க தப்புன்னு நொட்டை சொல்றதுதான் அவ வேலை. சொல்லிட்டு, அதைச் சரி பண்றதும் அவதான்.

"எங்க அக்காவுக்குப் பிரசவ நேரம். மாமா கப்பல்ல இருக்கார். கூட இருக்க என்னை விட்டா ஆளில்ல. அதைச் சொல்லக்கூட விடல இந்த மனுஷன்!"

"அட, அழாதே." கணக்கு பாக்கற அக்கா தோளைத் தட்டினாங்க. "சிஸ்டத்துல லீவு கேட்டுப் போட்டு வை. காரணத்தையும் எழுது. அவர் நேர்லதான் குதிப்பார். சாயங்காலம் பாரு, அனுமதி வந்துடும்."

"நிஜமாவா?"

"எனக்கு வந்துச்சே," டிசைனர் நாற்காலியைத் திருப்பினான். "அப்பாவுக்குக் கண் ஆபரேஷன்னு கேட்டப்போ கடிச்சுக் குதறிட்டார். சாயங்காலம் பாத்தா, அனுமதி! கூடவே, 'பத்திரமாப் போய்ட்டு வாங்க'ன்னு ஒரு வரி. தங்கமான மனுஷன். அதுக்காகத்தான் நீ சேர்றதுக்கு முன்னாடி அவர் பொறந்த நாளைக்கு எல்லாரும் சேர்ந்து சட்டை எடுத்துக் குடுத்தோம்."

நொட்டை மூக்கை உறிஞ்சிக்கிட்டே லீவு போட லாகின் பண்ணினா. பாஸ்வேர்டு பாதி அடிக்கும்போதே கை தவறி எண்டரைத் தட்டிட்டா.

உள்ளே விட்டுடுச்சு!

லீவைப் போட்டா. அழுகை நின்னுபோச்சு. இந்த மாதிரி ஒரு ஓட்டை கிடைச்சா அவளுக்குச் சோறு தண்ணி வேண்டாம். தோண்டித் துருவினா. பாஸ்வேர்டைப் பூட்டி வைக்கிற அந்தப் பழைய புரோகிராம், முதல் எட்டு எழுத்தை மட்டும்தான் எடுத்துக்குது. அதுக்கு மேல நீங்க ஒரு காவியமே எழுதினாலும் அது கண்டுக்கறதில்ல.

எல்லார் பாஸ்வேர்டும் கம்பெனி பேர்லதான் ஆரம்பிக்கணும்னு முதலாளி உத்தரவு வேற. கம்பெனிப் பற்றாம்! கம்பெனி பேருக்குச் சரியா எட்டு எழுத்து. ஆகமொத்தம் ஆபீஸ் முழுக்க ஒரே சாவி. யார் வேணும்னாலும் யார் பேர்லயும் நுழையலாம்.

முதலாளி ரூமுக்கு ஓடினா.

"மறுபடியும் லீவா?"

"இல்ல சார், ஓட்டை. உங்க பேர்ல நான் நுழைஞ்சு காட்டவா?"

"என் பாஸ்வேர்டு எவ்வளவு நீளம்னு தெரியுமா உனக்கு? எங்க, நுழைஞ்சிடு பாக்கலாம்!"

அவர் கண்ணு முன்னாலயே கம்பெனி பேரை மட்டும் அடிச்சா. திறந்துக்கிச்சு. லீவுப் பக்கமே எட்டிப் பாக்காத மனுஷன் அன்னிக்குத்தான் பாத்தார். திரை முழுக்க லீவு அனுமதி. குழந்தைக்குக் காய்ச்சல், அனுமதி. அப்பாவுக்குக் கண் ஆபரேஷன், அனுமதி. எல்லாத்துலயும், 'பத்திரமாப் போய்ட்டு வாங்க.'

அவர் முகம் போன போக்கைப் பாக்கணுமே!

"இதுல ஒண்ணுகூட நான் குடுக்கல! ஆளைக் காணோமேன்னு கேட்டா, 'நீங்கதானே சார் அனுமதி குடுத்தீங்க'ன்னுவாங்க. எனக்குத்தான் மறதி வந்துடுச்சுன்னு டாக்டர்கிட்ட போய், மாத்திரை முழுங்கிக்கிட்டு இருக்கேன்!"

நொட்டை உதட்டைக் கடிச்சுச் சிரிப்பை அடக்கிக்கிட்டா.

ஒவ்வொரு அனுமதிக்குக் கீழேயும் லீவு எடுத்தவங்க நன்றி எழுதியிருந்தாங்க. 'உங்களாலதான் சார், எங்கம்மாவைக் கடைசியா ஒரு தடவை பாத்தேன்.' முதலாளி அதைத் திரும்பத் திரும்பப் படிச்சார்.

"அந்தச் சட்டை... இதுக்காகவா குடுத்தாங்க?"

"ஆமா சார்."

அப்புறம் பழைய குரல் வந்துடுச்சு.

"என்ன வேடிக்கை? சாயங்காலத்துக்குள்ள ஓட்டையை அடை! போ!"

வெளியே வந்து கணக்கு அக்கா காதுல மட்டும் விஷயத்தைப் போட்டா. அக்கா முகம் வெளுத்துப் போச்சு.

"இன்னிக்கே அடைக்கணுமாடி? நாளைக்கு அடைச்சா ஆகாதா? உன் லீவை நான் இன்னும்..." அதோட நாக்கைக் கடிச்சுக்கிட்டாங்க.

"அக்கா! நீங்களா?"

"கத்தாதேடி! எனக்கும் ஒரு நாள் இப்படித்தான் கை தவறுச்சு."

நொட்டைக்கு மனசு அடிச்சுக்கிச்சு. ஒரே ஒரு நாள் தள்ளிப் போட்டா லீவு கையில. ஆனா இதே சாஃப்ட்வேர் நாளைக்குக் காலையில ஒரு ஆஸ்பத்திரிக்குப் போகுது. நோயாளிங்க ரகசியமெல்லாம் அதுக்குள்ளதான் இருக்கப் போகுது.

பல்லைக் கடிச்சுக்கிட்டு அடைச்சா. முதலாளியிலேர்ந்து எல்லாரையும் புது பாஸ்வேர்டு போட வெச்சா. தன் லீவைத் தானே பூட்டின மாதிரி இருந்துச்சு.

சாயங்காலம் பையை மாட்டிக்கிட்டு, ஒரு நப்பாசையில சிஸ்டத்தைப் பாத்தா.

அனுமதி!

பதறிப் போய்ட்டா. இன்னும் ஓட்டை இருக்கா? முதலாளி பேர்ல அந்த எட்டு எழுத்தைப் போட்டா. திறக்கல. தெரிஞ்ச வித்தையெல்லாம் காட்டினா. ம்ஹும், அசையல.

"அக்கா, மறுபடியும் எப்படி உள்ளே புகுந்தீங்க?"

"நான் எங்கடி புகறது? அதான் இழுத்து மூடிட்டியே!"

அப்போதான் அனுமதிக்குக் கீழே இருந்த வரியைப் படிச்சா. எப்பவும் வர்ற 'பத்திரமாப் போய்ட்டு வாங்க' அங்க இல்ல.

'போய்த் தொலை. குழந்தை பொறந்ததும் முதல்ல எனக்குச் சொல்லணும்.'