ஒடிக்காத அப்பளம்

சிடி, டிவிடி, அப்பளம் மூன்றையும் லேசரால் படித்து எழுதும் 'ஒளித்தலை' என்ற கருவிதான் மனிதகுலத்தின் கடைசிக் கண்டுபிடிப்பு என்பார், அதை விற்கும் திருமேனி. அது ஓடும் வீட்டில் பேசுவதெல்லாம் அப்பளத்தில் தானாகப் பதியும். ஒடிந்த அப்பளத்தில் எதுவும் பதியாது; அதனால் தெருவே அப்பளத்தை ஒடித்துவிட்டுத்தான் பேசியது.

"யோக்கியன் எதுக்குய்யா ஒடிக்கணும்?" என்று திருமேனி சிரிப்பார்.

ஞாயிறு மதியம் அவர் மனைவி பூங்கோதை, முந்தின நாள் அப்பளம் ஒன்றை ஒளித்தலையில் வைத்தாள். நண்பனிடம் அவர் பேசியது தெளிவாகக் கேட்டது: "அவ சாம்பாரை நாய்க்கு வச்சேன்டா. அது என்னைப் பாவமா பாத்துச்சு."

"இனிமே நாயையே சமைக்கச் சொல்லுங்க," என்ற பூங்கோதை, அவர் தட்டில் ஓர் அப்பளத்தை மட்டும் போட்டுவிட்டு அம்மா வீட்டுக்குக் கிளம்பினாள்.

கைபேசி அடித்தது. அதே நண்பன்.

திருமேனி வாசலை ஒருமுறை பார்த்தார். அப்பளத்தைச் சத்தமில்லாமல் நான்காக ஒடித்தார். பிறகுதான், "சொல்லுடா," என்றார்.