கிழக்கு பார்த்த வாசல்

வாசல் தெற்கைப் பார்த்திருந்தது. என் மனைவி ஜெயலட்சுமி உள்ளே காலே வைக்கவில்லை.

"நாலு பேர் தாராளமா படுக்கலாம் மேடம். சமையல் மேடை, டாய்லெட் எல்லாம் உள்ளேயே இருக்கு," என்றார் விற்பவரான முனிகிருஷ்ணன்.

"தெக்கு வாசல் எங்களுக்கு ஆகாது. பிள்ளைங்க தூங்கற எடம்."

இந்த ஒரே காரணத்துக்காக ஹெப்பாலில் ஒரு ஃப்ளாட்டையும் பானஸ்வாடியில் ஒரு வீட்டையும் வேண்டாமென்றவள். என் பல வருட ஆசையும் போயிற்று என்று நினைத்தேன்.

"அஷ்டேனா? அவ்ளோதானா மேடம்?" முனிகிருஷ்ணன் ஆட்களைக் கூப்பிட்டார். அவர்கள் டிரெய்லரைத் தள்ளித் திருப்ப, மேலே இருந்த பாய்மரப் படகு மொத்தமாகச் சுழன்று, அதன் அறைக் கதவு கிழக்கைப் பார்த்து நின்றது.

ஜெயலட்சுமி வலது காலைத் தூக்கினாள். அப்படியே நிறுத்தினாள்.

"மங்களூர் போய் கடல்ல விட்டா?"

"கதவு படகுக்குப் பின்பக்கம்தானே மேடம்? கரையிலிருந்து மேற்க போறப்போ வாசல் கெழக்கதான் பாக்கும்."

"திரும்பி வர்றப்போ?"

முனிகிருஷ்ணன் என்னைப் பார்த்தார்.

"சார் ரிவர்ஸ்ல வருவாரு."

ஜெயலட்சுமியும் என்னைப் பார்த்தாள்.

"வருவேன்," என்றேன்.