ஈரத் துணிக்கு அடியில்

ஈரத் துணியை விலக்கியவள், "அட!" என்று கையை இழுத்துக்கொண்டாள்.

களிமண் ஜாடி நிமிர்ந்து நின்றது.

போன வாரம் அவள் விட்டுப்போனபோது அது வயிறு சரிந்து, வாய் கோணி, பஸ்ஸில் தூங்கி வழிகிறவரைப் போலச் சாய்ந்து கிடந்தது. இன்றைக்கு யாரோ தட்டி எழுப்பி உட்கார வைத்திருக்கிறார்கள்.

"மாஸ்டர், நீங்களா தொட்டீங்க?"

"நான் ஏம்மா தொடறேன்? தப்பு பண்ணினாத்தானே கை பழகும்." சக்கரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தவர் தலை நிமிரவில்லை. "காலையிலயும் ஒரு வகுப்பு நடக்குது. ரெண்டுக்கும் ஒரே அலமாரிதான்."

"பேய் வந்து பானை செய்யுதாக்கா? அட்ரஸ் குடுங்க, எங்க வீட்டுப் பாத்திரம் தேய்க்கவும் கூப்பிடறேன்" என்றாள் அடுத்த சக்கரத்து நர்ஸ்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த வகுப்பில் சேர்ந்ததே, ஒரு ஜாடியையாவது தன் கையால் நிற்க வைத்துக் காட்டத்தான்.

யாருக்கு? ஓரகத்திக்கு.

எல்லோரும் ஒரே வீட்டில் இருந்த காலம். அடுப்படியில் இவள் கைதவறிப் பாத்திரத்தைப் போட்ட அன்று, கதவிடுக்கில் நசுங்கிக் கோணிப்போன இடது கைச் சுண்டுவிரலை ஆட்டி ஆட்டி அந்த அக்கா சொன்னாள்: "உன் கையில எதுவும் நிக்காதுடி. பாத்திரமும் நிக்காது, மனுஷங்களும் நிக்க மாட்டாங்க."

அதோடு பேச்சு நின்றது. வீடும் இரண்டானது.

ஜாடி தேறினால் அந்த வீட்டு வாசலுக்கே கொடுத்தனுப்புவதாக இருந்தாள். இப்போது பார்த்தால் அது நிற்பதே அடுத்தவர் தயவில்.

யாராக இருக்கும்? பலகையில் அவள் பெயர்ச் சீட்டு ஒட்டியிருக்கிறது. ஆள் மாறிச் செய்ததாகவும் சொல்ல முடியாது.

சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். முகர்ந்துகூடப் பார்த்தாள். மண் வாசனைதான்.

பின்பக்கம், ஜாடியின் வயிற்றில், விரல் பதிந்த பள்ளங்கள். ஒரு கையால் தாங்கிக்கொண்டு மறு கையால் வாயைச் சரிசெய்திருக்கிறார்கள்.

வலது கையை வைத்துப் பார்த்தாள். பொருந்தவில்லை.

இடது கையை வைத்தாள். கட்டைவிரல் உட்கார்ந்தது. அடுத்த மூன்றும் உட்கார்ந்தன.

சுண்டுவிரல் மட்டும் உட்காரவில்லை. அவளுடையது நேராக நீண்டது. பள்ளம் உள்பக்கமாகக் கோணிக்கொண்டு போனது.

கையை எடுத்து, பலகையிலிருந்த தன் பெயர்ச் சீட்டை இன்னொரு தடவை படித்தாள்.

பிறகு சக்கரத்தில் உட்கார்ந்து, ஜாடிக்கு மூடி செய்தாள். சேர்ந்த நாளிலிருந்து முதல் தடவையாக, ஒரு தள்ளாட்டமும் இல்லாமல் வந்தது. வட்டமென்றால் அப்படி ஒரு வட்டம்.

யாராவது பார்த்தார்களா என்று திரும்பினாள். மாஸ்டர் வாசலில் போனில் பேசிக்கொண்டிருந்தார். நர்ஸ் கை கழுவப் போயிருந்தாள்.

மூடியின் ஓரத்தைக் கட்டைவிரலால் ஒரு அமுக்கு அமுக்கிக் கோணலாக்கினாள்.

ஜாடிக்குப் பக்கத்தில், பெயர்ச் சீட்டை மறைக்காதபடி அதை வைத்து, ஈரத் துணியைப் போர்த்தினாள்.