கொடி முடிச்சு

"பதினோரு வருஷமா லோகேந்திராதானே கொடி கட்டுறான்?" என்றாள் மரகதம்.

"அதாங்க தப்பு. நேபாளத்துக்காரன் தொட்டுக் கட்டினா அது நம்ம கொடியா?" என்றார் குடியிருப்புச் சங்கச் செயலாளர் தணிகாசலம்.

காவலாளி லோகேந்திராவை கேட்டுக்கு வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, கொடிக்குள் பூவை வைத்து மடித்து, தன் கையாலேயே முடிச்சுப் போட்டு இறுக்கினார். கவுன்சிலர் வந்து கயிற்றை இழுத்தார், தொங்கினார். உச்சியிலிருந்த மூட்டை அவிழவே இல்லை.

"தேசபக்தி ரொம்ப இறுகிப்போச்சு போல," என்றாள் மரகதம்.

அந்தப் பதற்றத்தில் யாரோ ஒலிபெருக்கியில் தேசிய கீதத்தைப் போட்டுவிட்டார்கள். எல்லோரும் அசையாமல் நின்றார்கள். செயலாளர் மட்டும் கேட்டை நோக்கி ஓடினார்.

"டேய், சீக்கிரம் உள்ள வாடா! வந்து அவுத்து விடு!"

வெளியே லோகேந்திரா விறைப்பாக நின்றிருந்தான். அவன் கண்கள் மட்டும், ஒழுங்காக நில்லுங்கள் என்று அவரை அதட்டின.