குற்றுயிர்

படுத்த படுக்கையாகிவிட்ட ஞானமுத்துவுக்கு வேட்டை தெரியாதென்று பூனை முடிவுகட்டிவிட்டது போலும். தினமும் செத்த பல்லியோ கரப்பானோ அவர் தலையணையருகே கொண்டுவந்து போட்டது. எட்டு மாதமாக அவருக்குச் சோறூட்டி, விளங்காத இடது கைக்குத் தைலம் தேய்த்து அலுத்துப்போன மனைவி ரெபேக்காள் அதையும் கூட்டித் தள்ளினாள். "ஒனக்கும் சேத்து நாந்தான் அள்ளணுமா?" என்றாள் பூனையிடம்.

இன்று, குட்டிக்குப் பழக்குவதுபோல, பூனை குற்றுயிராய் ஒரு சுண்டெலியைக் கொண்டுவந்து விட்டது. அது தடுமாறி அவருடைய இடது உள்ளங்கையில் ஏறியது. அவள் துடைப்பத்தை ஓங்கினாள். விளங்காத அந்த விரல்கள் மெல்ல மடங்கின. எலி நழுவியது. மறுபடியும் மடங்கின.

பூனை அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தது.

"புடிங்க" என்றாள். துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு, எலி ஓடிவிடாதபடி போய்க் கதவைச் சாத்தினாள்.