இடுப்பளவுக் கயிறு

கயாக் மேலே ஏறிவிட்டது.

கார் ஷெட்டின் இரும்பு உத்தரத்தைத் தொடுகிற உயரத்தில், ஆடாமல் அசையாமல், மஞ்சள் வயிற்றைக் காட்டிக்கொண்டு தொங்கியது அந்த ஒற்றை ஆள் படகு. கீழே கயிற்றைப் பிடித்து நின்ற அனுசியாவுக்கு மூச்சுகூட வாங்கவில்லை. அச்சன்புதூரில் போர்வெல் மோட்டாரைக் கழற்றி மாட்டுகிறவர் பெற்ற மகள். இந்த முப்பது கிலோ எல்லாம் அவளுக்கு ஒரு சுமையா என்ன!

மாமியார் முப்பிடாதியம்மாள் முற்றத்தில் காய்கிற நெல்லைத் துழாவுவதை விட்டுவிட்டு வந்து எட்டிப் பார்த்தாள். கையில் கயாக்கின் துடுப்பு. மகன் ஆசை ஆசையாய் வாங்கிய சாமான் ஒரு வருஷமாகப் பின்கட்டில் கிடக்கிறது, கோழி அதற்குள் முட்டையிடுகிறது, துடுப்பாவது நெல் துழாவ ஆகட்டும் என்று எடுத்துக்கொண்டுவிட்டாள்.

"சாயங்காலம் போவப் போற பொருளுக்கு இப்பம் என்னத்துக்குட்டி இந்தப் பரணு?"

கேட்டதில் தப்பே இல்லை. கயாக்கை விலை பேசியிருந்த முகம்மது யூசுப் சுரண்டையிலிருந்து குட்டியானை வண்டியோடு கிளம்பிவிட்டதாகப் போன் வந்தாயிற்று. 'எனக்கு நேரமில்லை, யாராவது வச்சு ஓட்டட்டும்' என்று அனுசியாவின் புருஷன் இசக்கிமணியே பேசி முடித்த வியாபாரம். போலீஸ்காரன், சொன்னால் சொன்னதுதான்.

அனுசியாவுக்கு அது போகக் கூடாது. ஞாயிற்றுக்கிழமைகளில் குளத்திலிருந்து தலை சொட்டச் சொட்ட, வாய் ஓயாமல் பாடிக்கொண்டு வீடு திரும்புகிற மனுஷன் அவளுக்குத் திரும்ப வேண்டும். பேசிப் பார்த்தாள், எடுபடவில்லை. சரி, இனி வாய் வேண்டாம் என்று காலையில் அவன் டூட்டிக்குப் போனதுமே டிரில்லிங் மெஷினைக் கையில் எடுத்துவிட்டாள்.

"நல்லாத்தான் நிக்குது" என்றாள் மாமியார், மனசே இல்லாமல்.

அனுசியா அண்ணாந்து பார்த்தாள். உத்தரத்துக் கப்பியிலிருந்து கயிறு நேரே தொங்கியது. கிணற்றில் தண்ணீர் இறைக்கிற மாதிரி இரண்டு கையையும் தலைக்கு மேலே கொண்டுபோய், மாற்றி மாற்றி இழுத்துத்தான் ஏற்றியிருந்தாள். கப்பியைக் கண்டால் இந்தப் பக்கத்து ஜனங்களுக்குக் கை தானாக அப்படித்தான் போகும்.

"அட கூறுகெட்டவளே" என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

கயாக்கை இறக்கினாள். கட்டின கயிற்றையெல்லாம் உருவிப் போட்டாள்.

"ஏட்டி, நல்லா இருக்கதப் போயி கழத்துதியே, கோட்டி கீட்டி பிடிச்சிருக்கா ஒனக்கு?"

அனுசியா காதில் வாங்கவே இல்லை. இன்னொரு கப்பியை எடுத்துச் சுவரில், முழங்கால் உயரத்தில் முடுக்கினாள். இப்போது கயிறு மேலேயிருந்து சுவரோடு இறங்கி, அதைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தது. நுனியில் ஒரு மரப்பிடி. அதை இடுப்போடு சேர்த்துப் பிடித்துப் பின்னால் நடந்தாள், கயாக் ஏறியது. முன்னால் வந்தாள், இறங்கியது. கயிற்றைச் சுற்றி நிறுத்துகிற கொக்கியும் இடுப்பளவில்தான்.

அதோடு விட்டாளா? வலது கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு, இடது கையால் மட்டும் ஒரு தரம் ஏற்றி இறக்கி மறுபடியும் ஏற்றினாள்.

மாமியாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "திமிரப் பாரு! மகாராணி ஒத்தக் கையாலதான் இழுப்பாளாக்கும்" என்று முற்றத்துக்குத் திரும்பிப் போனாள்.

குட்டியானை வாசலில் வந்து நிற்கவும், இசக்கிமணி டூட்டி முடிந்து வரவும் சரியாக இருந்தது. தொங்குகிற கயாக்கைப் பார்த்தான். பெண்டாட்டியைப் பார்த்தான். கோபப்படுவதா சிரிப்பதா என்று அவனுக்கே பிடிபடவில்லை.

"வித்தது நீங்கதான? நீங்களே எறக்கிக் குடுங்க."

குரல் என்னவோ ஜம்பமாகத்தான் வந்தது. கண் மட்டும் மரப்பிடியை விட்டு நகரவில்லை.

யூசுப் வண்டியைப் பின்பக்கமாக ஷெட்டுக்குள் விட்டார். இசக்கிமணி மரப்பிடியை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தான். கயாக் பையப் பைய இறங்கியது. வண்டித் தட்டுக்கு ஒரு சாண் இருக்கையில் அவன் நின்றுவிட்டான்.

குனிந்து கையைப் பார்த்தான். பிடி இடுப்பை விட்டு மேலே வரவே இல்லை.

போன ஆடியில் செங்கோட்டை ரோட்டில் பைக்கோடு விழுந்ததிலிருந்து அவனுடைய வலது கை தோளுக்கு மேல் ஏறாது. சட்டை மாட்டுவதே பெரும்பாடு. துடுப்புப் போட அந்தக் கை போதும். கயாக்கைக் காரின் கூரையில் தூக்கி வைக்கத்தான் போதாது. அதற்கு யாரையாவது கூப்பிட வேண்டும், கூப்பிடுகிற ஆளா அவன்? நேரமில்லை என்று சொல்லி ஊரையே நம்பவைத்திருந்தான். பெண்டாட்டி நம்பவில்லை.

ஓர் எட்டு பின்னால் வைத்தான். இன்னோர் எட்டு வைத்தான். கயாக் மறுபடி உத்தரம் வரைக்கும் ஏறியது. கொக்கியில் கயிற்றைச் சுற்றினான்.

"அண்ணாச்சி, மன்னிச்சிக்கிடுங்க. வண்டிய வெளிய எடுங்க, காரை இதுக்குக் கீழ விடணும்."

யூசுப் வாயைத் திறந்தார். அனுசியாவின் முகத்தைப் பார்த்தார். "சரிப்பா, டீயாவது உண்டுமா?" என்றார்.

"அனு, துடுப்ப எங்கன வச்சிருக்க?"

அவள் முற்றத்தைப் பார்த்துக் கையைக் காட்டினாள்.

முற்றத்திலிருந்து முப்பிடாதியம்மாள் வந்துகொண்டிருந்தாள், துடுப்பில் ஒட்டியிருந்த நெல்லை முந்தானையால் துடைத்தபடி.